பென்சில் வட்டங்கள்

அவளிடம் எப்போதும் ஒரு குட்டிப் பென்சில் இருக்கும். தளபாடக் கடைகளில் அளவு குறிப்பதற்கென்று சும்மா வைத்திருப்பார்களே, விரல் நீளம்கூட வராத பென்சில், அதுதான். எங்கள் மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதிக்குள் பென்சில் கொண்டுபோகக் கூடாது. தோடு, மோதிரம், கொண்டை ஊசி ஒன்றும் கூடாது. ஆகவே அவள் அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். மத்தியானம் மணி அடித்தால் நாங்கள் எல்லோரும் கரண்டியை எடுப்போம். அவள் பென்சிலை எடுப்பாள்.

மொன்றியலின் சென்ட் லோரன்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் ஏழு வருடம் வேலை செய்தேன். மாத்திரைப் பெட்டிகளுக்குள் மடித்த துண்டுத்தாளை இயந்திரம் செருகும். அது செருகாமல் விட்டதை நாங்கள் செருக வேண்டும். அந்த ஏழு வருடத்தில் நான்கு வருடம் அவள் எனக்கு எதிரே நின்றாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். மெலிந்த உடம்பு. கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டு, அதற்கு மேலால் பார்த்துத்தான் கதைப்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்.

"தங்கச்சி ஊரிலை எவடம்?"

"மட்டக்களப்புக்கா."

"அது கதையிலையே தெரியுது. மட்டக்களப்பிலை எவடம்?"

"இப்ப கோத் வெர்து மெட்ரோவுக்குக் கிட்ட."

விளங்காமல் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து இன்னொரு முறை கேட்டேன். அவள் தன் பஸ் நம்பரைச் சொன்னாள்.

இந்த 'எவடம்' என்ற கேள்வியைப் பற்றி எங்களுக்குத் தெரியும். முதலில் ஊரைக் கேட்போம். பிறகு ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருடைய வளவுக்குப் பக்கம். மூன்றாம் நாலாம் கேள்வியில் ஆளின் சாதி கையில் வந்துவிடும். சாதி என்ற சொல்லைக் கேட்டவரும் சொல்லியிருக்கமாட்டார், பதில் தந்தவரும் சொல்லியிருக்கமாட்டார். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடிக்கலாம். அவளிடம் அந்தக் கேள்வியை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த தமிழர் ஒவ்வொருவரும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் மொன்றியல் விலாசம்தான் கிடைத்தது.

சொல்லாமல் விடுகிறவளுக்குச் சொல்லுவதற்கு நல்லதாக ஒன்றும் இல்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வாய்விட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அவள் கொண்டுவந்த மீன்கறியை முதன்முதல் வாங்கிச் சாப்பிட்ட அன்று, நான் எவ்வளவு பரந்த மனசுக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மீதியை எழுதிப் பிரயோசனமில்லை.

அவள் வாசித்ததெல்லாம் பழைய அமெரிக்க நாவல்கள். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியவை. கப்பல், ஆறு, பருத்தித் தோட்டம், பெரிய மாடிவீடு, போர், காடு. நூலகங்கள் கழித்துவிடும் புத்தகங்களை வாசலில் மேசை போட்டுக் குவித்து வைப்பார்கள். சனிக்கிழமைகளில் அவள் அந்த மேசைகளுக்காகவே மெட்ரோ ஏறிப் போவாள். இரவல் புத்தகத்தில் பென்சில் வைக்கக்கூடாது, சொந்தப் புத்தகம் வேண்டும் என்பாள்.

ஒருநாள் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் சின்னச் சின்ன வட்டங்கள். ஒரு வழக்கறிஞர் வருகிறார், அந்தச் சொல்லுக்கு மேலே ஒரு வட்டம். அவருடைய மனைவி, வட்டம். மருமகள், வட்டம். விருந்துக்கு வந்த இரண்டு கிழவர்கள், இரண்டு வட்டம். ஓர் ஆளுக்கு மட்டும் இல்லை.

"என்ன பிள்ளை இது, பிழை பிடிக்கிறியோ?"

"இல்லக்கா. நிறம் சொல்லாம உள்ளுக்கு வந்த ஆக்களுக்கு வட்டம் போடுறன்."

"அப்ப இந்தாளுக்கு ஏன் போடேல்லை?"

"அவருக்கு எழுதினவரே நிறத்தப் போட்டுட்டாரே. வாசிச்சுப் பாருங்க."

வாசித்தேன். ஒரு கறுப்பன் வந்து கதவைத் திறந்தான் என்று இருந்தது. அந்தக் கதவால் உள்ளே போன ஐந்து பேரும் என்ன நிறம் என்று ஒரு சொல்லும் இல்லை.

"அவையள் வெள்ளைக்காரர்தானே. தெரிஞ்ச விசயம்."

"எப்படிக்கா தெரியும்?"

வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு யோசித்தேன். "சொல்லாட்டி வெள்ளைதானே," என்றேன்.

"அதுக்குத்தான் வட்டம்," என்றாள் அவள்.

பைத்தியம்தான் என்று நினைத்தேன். நல்ல மனமுள்ள பைத்தியம். ஆனால் அந்தப் பழக்கம் புத்தகத்தோடு நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை நான் அவளுக்கு வேலையிடத்துப் புதினம் ஒன்று சொன்னேன். "பக்கத்து லைனிலை ஒரு கறுப்புப் பெட்டை புதுசாச் சேர்ந்திருக்கிறாள். வந்த முதல் நாளே சுப்பர்வைசரோடை வாய்த்தர்க்கம்." அவள் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

"சுப்பர்வைசர் என்ன நிறம்?"

"அவர் சுப்பர்வைசர்தானே. உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். நீங்க சொல்லல்ல, அதான் கேட்டன்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளுக்கு நான் புதினம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் நாக்கு ஒருமுறை தடக்குப்படும்.

இயந்திரம் திருத்துகிற ஒரு ஹெயிட்டிக்காரர் சிலவேளை எங்கள் மேசையில் வந்து இருப்பார். (சுப்பர்வைசரை வெறும் சுப்பர்வைசர் என்றுதானே எழுதினேன் என்று இப்போது திரும்பிப் பார்க்கிறேன். அவர் கியூபெக் வெள்ளைக்காரர். இது அவள் என்னில் ஒட்டவைத்துவிட்டுப் போன பழக்கம்.) என்ன வட்டம் என்று அவர் கேட்டார். மகனை விட்டு எடுக்க கார்டெரி என்ற குழந்தைகள் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்வந்ததில் அவள் பொறுக்கிய பிரெஞ்சில், கையையும் சேர்த்து விளங்கப்படுத்தினாள். அவருக்குப் பிடித்துப்போயிற்று. புத்தகத்தை வாங்கி, வட்டமில்லாத ஆளைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நெடுநேரம் தேடி ஒருவரைக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இந்தா நான்!" என்று பெரிதாகச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அந்தப் பக்கத்தில் அந்த மனிதருக்கு என்ன நடக்கிறது என்று வாசிக்கத் தொடங்கினார். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி, மெர்சி என்று நன்றி சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டு, குடித்து முடியாத கோப்பியோடு எழும்பிப் போனார். அன்று முழுக்க அவளுக்கு முகம் சரியில்லை. "நான் காட்டியிருக்கக் கூடாதுக்கா," என்று இரண்டு தரம் சொன்னாள்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். அவள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓர் அலுமாரி இருந்ததாம். ஊரைவிட்டுப் போன பாதிரியார் ஒருவருடைய புத்தகங்கள் அதற்குள். மழைக்காலத்தில் வெளியே விளையாட விடமாட்டார்கள் என்பதால் அதைத் திறந்து கொடுப்பார்களாம்.

"பன்னெண்டு வயசுல நான் மஞ்சள் தலைமயிர்க்காரிக்கா. மாடிப்படியில பாவாடையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இறங்குவன். கீழ எனக்காக மூணு பேர் நிப்பாங்க. அவ்வளவு சந்தோசம்."

"பேந்து?"

"இஞ்ச வந்து, குளிர் காலத்துல வேலையில்லாம இருக்கக்குள்ள, அதே புத்தகத்த திருப்பி எடுத்தன். அப்பதான் எனக்குத் தெரிஞ்சிது, அந்த வீட்டுல நான் படியில இறங்குற ஆள் இல்ல. படிக்குக் கீழ தண்ணி வாளியோட நிக்கிற ஆள். அவவுக்கு அந்தப் புத்தகத்துல ஒண்டர வசனம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவள் அந்தப் புத்தகங்களை வெறுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சில பக்கங்களை வாசித்துக் கன்ரீனில் எல்லோருக்கும் முன்னால் அழுதிருக்கிறாள். கடலைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு விருப்பமென்றால் ஏன் பென்சிலும் கையுமாகத் திரிகிறாய் என்று கேட்டதற்கு, "விருப்பமில்லாட்டி ஏன்கா மினக்கெடுறன்?" என்றாள்.

வெளியே பனி கொட்டிய ஒரு நாள் அவள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "இந்தக் கதையள்ல வாற பெரிய ஆக்கள், நான் ஆருக்கும் அடிமையில்ல, நான் சுதந்திரமான மனுசன் எண்டு அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொல்றாங்க. உண்மையான அடிமை ஒராள் பக்கத்துல நிக்காட்டி அப்படியொரு நினைப்பே வந்திருக்காது. அவரப் பாத்துத்தான் இவருக்குத் தான் ஆர் எண்டு விளங்குது. ஆனா அவரப் பத்தி எழுத மாட்டாங்க." யன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடம் முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. "இன்னொண்டுக்கா. வெள்ளைக்காரப் பொடியன் ஒருத்தன் ஒரு கறுப்பு மனுசனோட கொஞ்ச நாள் திரிவான். அந்தாள் இவனப் பாத்துப் பாத்துக் காப்பாத்துவார். கடைசியில பொடியனுக்குப் புத்தி வரும், எல்லா மனுசரும் ஒண்டுதான் எண்டு. சரி. அந்தாளுக்கு என்ன வரும்?"

அப்போது நான் தலையாட்டினேன். அமெரிக்கக்காரர் செய்த அநியாயத்துக்கு நான் ஏன் தலையாட்டக் கூடாது?

நானும் எழுதுகிறவள் என்பதை இதுவரை சொல்லவில்லை. எழுதி எழுதி வைக்கிறவள், அச்சில் ஒன்றும் வந்ததில்லை. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவதாகவும், கதை கேட்டிருப்பதாகவும் அறிந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. இதுதான் தருணம் என்று உட்கார்ந்து எழுதினேன். கதைக்குப் பெயர் 'பாலம்'. என் சொந்தக் கதை. பதினாறு வயதில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்த அப்பாவை எப்படி நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தோம் என்பது. நாங்கள் கொண்டுவரவில்லை. எங்கள் வளவில் கள்ளுச் சீவுகிறவர் கொண்டுவந்தார். தன் சைக்கிள் கரியரில் அப்பாவை இருத்தி, கால்கள் சில்லுக்குள் போகாமல் அம்மாவின் சேலையால் கட்டி, மழைக்குள்ளும் சனத்துக்குள்ளும் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை உருட்டிக்கொண்டு வந்தார். எங்களைச் சாவகச்சேரியில் ஒரு வீட்டில் சேர்த்துவிட்டுத் தன் பிள்ளைகளைத் தேடித் திரும்பிப் போனார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

கதையில் அவரை 'அவன்' என்று எழுதியிருந்தேன். கறுத்துத் திரண்ட தோள், வாய் திறவாத விசுவாசம். பாலத்தடியில் அம்மா செம்பைச் சரித்துத் தண்ணீர் வார்க்க அவர் குடிப்பதாக ஓர் இடம். 'அந்த மழையில் அவனுடைய இரண்டு கைகளும் ஓர் இலைபோல் விரிந்தன' என்று எழுதியிருந்தேன். அந்த வசனத்தை நானே பலமுறை வாசித்து ரசித்திருக்கிறேன். கதை முடிவில் அந்தப் பெண், மனிதர் எல்லோரும் ஒன்று என்று பாலத்தில் நின்று உணர்கிறாள்.

மலர்க்குழுவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை அவளிடமும் வாசிக்கக் கொடுத்தேன். "பென்சில் வைக்கலாமாக்கா?" என்று கேட்டாள். தாராளமாக வை என்றேன். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தாள்களை என் பக்கம் நகர்த்தினாள்.

அப்பாவுக்கு மேலே வட்டம். அம்மாவுக்கு மேலே வட்டம். அண்ணனுக்கு, மாமாவுக்கு, கதை சொல்லும் எனக்கு, வட்டம், வட்டம், வட்டம். அவருக்கு மட்டும் இல்லை. அவர் தொழிலோடு உள்ளே வந்துவிட்டார். 'அம்மா எங்கள் எல்லோருக்கும் பேணியில் தண்ணீர் வார்த்துத் தந்தா' என்று நான் முதல் பக்கத்தில் எழுதியிருந்த வசனத்தின் கீழ் ஒரு கோடு. இலைபோல் விரிந்த கைகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், இரண்டு சொல்: பேணி எங்கே?

முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காதெல்லாம் சுட்டது. எங்களுக்குக் குடிக்கப் பேணி, அவருக்கு வெறும் கை.

"நான் சாதி எண்ட சொல்லே எழுதேல்லை," என்றேன்.

"ஓம்கா. நீங்க எழுதல்ல."

"அந்த மனுசனை நான் எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கிறன். வாசிக்கிற சனம் அழும். உனக்கு உதுதான் கண்ணிலை படுதோ? உங்கடை ஆக்களுக்கு எதிலையும்..."

நிறுத்தினேன். நிறுத்தப் பிந்திவிட்டது.

அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னை நேரே பார்த்தாள். "எங்கட ஆக்கள் ஆருக்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவள்போலக் கேட்டாள். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினேன்.

மூன்று கிழமை வேறு மேசையில் இருந்தேன். வேலையில் எதிரெதிரே நின்று பெட்டி நகர்த்துவோம், கதைக்கமாட்டோம். வீட்டில் பாத்திரங்களெல்லாம் சத்தம் போட்டன. அவளுக்கு என் கதையில் பொறாமை என்று சொல்லிப் பார்த்தேன். மனம் ஏற்கவில்லை. அப்படி இல்லை, அவருக்கும் பேணியில்தான் கொடுத்தோம் என்று அம்மா சொன்னால் ஆயிற்று என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறார்.

"அம்மா, இடம்பெயரேக்கை அப்பாவை உருட்டிக்கொண்டு வந்த ஆளின்ரை பேர் என்ன?"

"ஆர், எங்கடை சீவல்காரனோ? தங்கமான மனுசன். அவன் இல்லாட்டி அப்பா றோட்டிலை முடிஞ்சிருப்பார்."

"ஓம், பேர் என்ன?"

அம்மா யோசித்தார். "அப்பாதானே கூப்பிடுறவர்."

"என்னெண்டு கூப்பிடுவார்?"

"டேய் எண்டு," என்று அம்மா சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு அவருடைய சிரிப்பும் நின்றது.

"பாலத்தடியிலை ஏன் அவருக்குப் பேணி குடுக்கேல்லை?"

"நான் குடுக்கமாட்டன் எண்டு சொன்னனே, பிள்ளை? அவன்தான் தன்ரை பாட்டிலை கையை நீட்டினவன்."

அம்மா பொய் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, அம்மாவும் மறுக்கவில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவைச் சுமந்த கைகள் தாமாகவே குவிந்துகொண்டன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது அழகாக இருந்திருக்கிறது. முப்பது வருடம் கழித்தும் அழகாகவே இருந்திருக்கிறது.

அம்மாவுக்குப் பின்னால் அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலுமாரி. அதற்குள் அந்தப் பேணி. மூக்கு வைத்த பித்தளைப் பேணி. அண்ணி மினுக்கி வைத்திருந்தா. பாலம் தாண்டி, வன்னிக்குப் போய், கொழும்பில் இருந்து, விமானமேறி, ஒரு நெளிவும் இல்லாமல் கர்க்லாண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பேணியை இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்த குடும்பத்துக்கு அவருடைய பெயரைக் கொண்டுவரத் தோன்றவில்லை. அண்ணனிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. ஊரில் மிஞ்சியிருந்த இரண்டு சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "அந்தப் பக்கத்துச் சனம் ஒண்டும் இப்ப இல்லை," என்றார்கள். ஒருவர், "உனக்கு இப்ப அவன் எதுக்கு?" என்றும் கேட்டார்.

கதையைத் திருத்தி எழுதினேன். 'வெள்ளாளத் தலைமை ஆசிரியரான என் அப்பா' என்று தொடங்கினேன். பேணி எங்கே இருந்தது என்று எழுதினேன். அவரை அவர் என்றே எழுதினேன். பெயர் வரவேண்டிய இடத்தில், எனக்குத் தெரியாது என்று எழுதினேன். மலர்க்குழுத் தலைவருக்கு அனுப்பினேன். லவாலில் இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர், மரியாதையான மனிதர். இரண்டாம் நாள் தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, முந்தித் தந்த கதை அருமை. அதிலை சாதி கீதி ஒண்டும் இருக்கேல்லை. இப்ப ஏன் இதுக்குள்ளை சாதியைக் கொண்டு வாறியள்?"

"முந்தினதிலையும் இருந்தது அண்ணை. சொல்லாமல் இருந்தது."

"பிள்ளையள் வாசிக்கிற மலர். அந்தப் பழைய கதையையே போடுவம். கையள் இலைபோலை விரிஞ்சுது எண்ட இடத்திலை எங்கடை குழுவிலை ரண்டு பேர் கண் கலங்கிப்போச்சினம்."

என் பெயர் முதன்முதலாக அச்சில் வரப்போகிறது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு ஓம் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். வாய்வரை வந்தது. "வேண்டாம் அண்ணை, ரண்டையும் திருப்பித் தாங்கோ," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்து, குளியலறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த நாள் மத்தியானம் பழைய மேசைக்குப் போனேன். அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியை இழுத்து எனக்கு இடம் விட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னது, அலுமாரியில் இருந்த பேணி, மலர்க்குழுத் தலைவர். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பேர் கிடைக்கல்லையாக்கா?"

"இல்லைப் பிள்ளை."

அவள் கண் கலங்கியது. முகம் தெரியாத ஒருவருடைய பெயருக்காக ஒருவர் கலங்கி நான் அன்றுதான் கண்டேன். நான் கரண்டியைக் கீழே வைத்து, "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, உங்கடை ஆக்கள் எண்டு," என்றேன்.

"நீங்க என்னப் பத்தி ஒரு முடிவு கட்டித்தான் வச்சிருந்தீங்க. மீன்கறி வாங்கக்குள்ளயே தெரியும்." எனக்கு நிலத்துக்குள் போகலாம்போல் இருந்தது. அவள் சிரித்தாள். "அது சரியோ பிழையோ எண்டு சொல்ல மாட்டன்கா. எங்கட பக்கமும் ஒண்டும் சுத்தமில்ல. எங்கட வீட்டுலயும் பின் வாசலால வந்து போன ஆக்கள் இருந்தாங்களோ, இல்ல நாங்கதான் இன்னொரு வீட்டுப் பின் வாசலால போனமோ, நீங்க தெரியாமலே இருங்க. தெரியாம என்னோட சோறு தின்னப் பழகுங்க."

பழகினேன். நாலு வருடத்தில் நான் உருப்படியாகப் பழகியது அது ஒன்றுதான். இன்றைக்கும் எனக்கு அவள் 'எவடம்' என்று தெரியாது. சிலவேளை அறியும் ஆசை தலை நீட்டும். நீட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவளுடைய கணவருக்கு எட்மன்டனில் வேலை கிடைத்தது. கடைசி நாள் வேலை முடிந்து பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நின்றோம். அவளைப் பற்றி ஒருநாள் எழுதுவேன் என்று சொன்னேன். பெயரையும் போட்டு எழுதுவேன், இனி ஆரையும் பெயரில்லாமல் எழுதமாட்டேன் என்று கொஞ்சம் வீரம் பேசினேன்.

"என்ட பேரப் போடாதீங்கக்கா. போட்டா மறுகா எவடம் எண்டு கேட்டுக்கிட்டு வருவாங்க."

"பேரில்லாமல் எழுதினால் நான் திரும்பவும் அதே பிழையைத்தானே விடுவன்?"

பஸ் வந்து கதவு திறந்தது. படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பேர் இருக்கு, அது உங்களுக்குத் தெரியும் எண்டு எழுதுங்க. அது காணும்."

எழுதிவிட்டேன். அவளுக்குப் பெயர் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். என் அப்பாவைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியாது.